சுவடு பதிக்காத சக்கரங்கள்

உரைநடை உலகம் – இயற்கை, சுற்றுச்சூழல்

நுழையும்முன்

மிதிவண்டி புகை கக்குவதில்லை, எரிபொருள் கேட்பதில்லை, ஒலியெழுப்பி எவரையும் அச்சுறுத்துவதுமில்லை. ஆனால், நூறு மிதிவண்டிகள் போட்டிக்காக ஓரிடத்தில் கூடும்போது, அவற்றைச் சூழ்ந்து வரும் மோட்டார் ஊர்திகளும் நெகிழிக் குப்பைகளும் பதாகைகளும் அந்நற்பெயரைக் கெடுத்துவிடுகின்றன. மலையும் வயலும் கூடும் இடங்களில் இதன் விளைவு மேலும் கடுமையானது. விளையாட்டின் மகிழ்ச்சியும் குறையாமல், எளிய மாணவரின் வாய்ப்பும் பறிபோகாமல், இயற்கைக்கும் ஊறு நேராமல் மிதிவண்டிப் போட்டியை நடத்துவது எவ்வாறு என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மலையடிவாரச் சாலை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை அரணாக எழுந்து நிற்கிறது. அம்மலையின் அடிவாரத்தில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. வத்திராயிருப்பை அடுத்த மகாராஜபுரம், சதுரகிரி மலைக்குச் செல்வோர் நன்கறிந்த ஊர். மலையேறும் வழி தொடங்குகின்ற தாணிப்பாறைக்கு இவ்வூர் வழியாகவே பலரும் செல்கின்றனர். நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் சாலையின் இருபுறமும் விரிந்திருக்க, தொலைவில் மலைமுகடுகள் முகில் சூடி நிற்கும். மிதிவண்டியில் செல்வோர்க்கு இதனினும் இனிய சாலை வாய்ப்பது அரிது.

இச்சாலைகளின் அருகிலேயே அரிய காட்டுயிர்களின் உறைவிடமும் உள்ளது. 1988ஆம் ஆண்டு திருவில்லிபுத்தூர்ப் பகுதிக் காடுகள் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. நரை அணில் என்றும் அழைக்கப்படும் இவ்வுயிரினம், தென்னிந்தியாவின் சில பகுதிகளிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. மரக்கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் காட்டில், நிலத்தில் இறங்காமலே மரம்விட்டு மரம் தாவி இரைதேடும் இயல்பு கொண்டது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இச்சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைக்கப்பட்டு, திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம், இந்தியாவின் 51ஆவது.

மலையில் பெய்யும் மழையே அடிவார ஊர்களின் வாழ்வு. பெரியாறு, கோவிலாறு ஆகியவற்றின் நீரைப் பிளவக்கல் அணைகள் தேக்குகின்றன; அந்நீர் கண்மாய்களை நிரப்பி வயல்களை விளைவிக்கிறது. மிகுநீர் அர்ச்சுனா ஆற்றில் கலந்து, வைப்பாற்றை அடைந்து, மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. எனவே, மகாராஜபுரத்துச் சாலையோர ஓடையில் எறியப்படும் ஒரு நெகிழி உறை அங்கேயே கிடந்துவிடுவதில்லை. கண்மாயின் மடையை அடைக்கலாம். மேயும் மாட்டின் வயிற்றுக்குள் புகலாம். பெருமழைக் காலத்தில் கடலையே சென்றடையலாம். மலையடிவாரத்தில் செய்யப்படும் பிழை, நீரோடு சேர்ந்து நெடுந்தொலைவு பயணம் செய்கிறது.

தமிழ்நாட்டு மாணவரும் மிதிவண்டியும்

தமிழ்நாட்டில் மிதிவண்டி என்பது போக்குவரத்துக் கருவி மட்டுமன்று. கல்விக்கு வழிதிறந்த கருவியுமாகும். 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அவர்களுக்கு அஃது எழுத்தறிவோடு சேர்ந்து கிடைத்த விடுதலையாக அமைந்தது. 2001–2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கிய அரசு, பின்னர் அத்திட்டத்தை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவர்க்கும் விரிவாக்கியது. இன்று மலையடிவாரச் சிற்றூரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவர் பலர்க்கு அவ்வண்டியே துணை.

அத்தகைய மாணவர்கள் கலந்துகொள்ளும் வகையில் அமைந்ததே, பேரறிஞர் அண்ணாவின் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடத்தப்பெறும் மிதிவண்டிப் போட்டி. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகளாக, 10 முதல் 20 கிலோமீட்டர் வரையிலான தொலைவுக்கு இப்போட்டி நடைபெறுவது வழக்கம். இந்தியாவில் தயாரிக்கப்பட்ட, சாதாரணக் கைப்பிடி கொண்ட மிதிவண்டியையே பயன்படுத்த வேண்டும் என்பது இதன் குறிப்பிடத்தக்க விதி. விலையுயர்ந்த பந்தய வண்டி வைத்திருப்பவர், அதன் வலிமையால் மட்டுமே வென்றுவிடக் கூடாது என்னும் சமநோக்கு இவ்விதியில் உள்ளது.

சமத்துவம் கருதி வகுக்கப்பட்ட இவ்விதி, இயற்கைக்கும் நன்மை செய்கிறது. உயர்தரப் பந்தய வண்டிகள் பெரும்பாலும் கரிம இழையால் ஆனவை, எடை குறைந்தவை. ஆனால், அவ்விழைச் சட்டம் உடைந்தால் அதனை உருக்கி மறுபடியும் பயன்படுத்துவது கடினம். எஃகுச் சட்டமோ பற்றவைத்துச் சீராக்கத்தக்கது. பயன்முடிந்தபின் உருக்கி வேறு பொருளாக்கத்தக்கது. ஊர்ச் சைக்கிள் கடையில் ஒட்டுப்போட்டும், சங்கிலிக்கு எண்ணெயிட்டும், தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றியும் பதினைந்து ஆண்டுகள் ஓட்டப்படும் வண்டியைக் காட்டிலும் இயற்கைக்கு இணக்கமான வண்டி வேறில்லை. இயற்கைக்கு உகந்த போட்டி என்பது புதிதாக எதையேனும் வாங்குவதில் தொடங்குவதன்று; இருப்பதைப் பேணுவதில் தொடங்குவது.

மாசு எங்கிருந்து வருகிறது?

போட்டியில் ஓடும் மிதிவண்டி மாசு உண்டாக்குவதில்லை எனில், மாசு எங்கிருந்து வருகிறது? இவ்வினாவுக்கு விடைகாண, மகாராஜபுரம் வட்டாரத்தில் மாணவர்க்கான ஒரு போட்டி நடைபெறுவதாகக் கருதிக் கணக்கிடலாம்.

போட்டியாளர் 120 பேர். அவர்கள் சராசரியாக 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகின்றனர் எனக் கொள்க. ஒவ்வொருவரையும் பெற்றோரோ உறவினரோ இருசக்கர மோட்டார் ஊர்தியில் அழைத்து வருகின்றனர். போகவர 60 கிலோமீட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 கிலோமீட்டர் ஓடும் ஊர்திக்கு 1.2 லிட்டர் பெட்ரோல் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. இவ்வாறு கணக்கிட்டால், ஒருவர்க்கு 2.76 கிலோகிராம், 120 பேர்க்கு ஏறத்தாழ 331 கிலோகிராம். மகிழுந்துகளில் வந்தால் இவ்வளவு மேலும் பெருகும்.

அதே மாணவர்கள் இரண்டு பேருந்துகளில் வருவதாகவும், மிதிவண்டிகள் ஒரு சிறு சரக்குந்தில் ஏற்றிவரப்படுவதாகவும் கொள்க. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் பேருந்துகள் இரண்டும் சேர்ந்து 30 லிட்டர் டீசலும், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் சரக்குந்து 7.5 லிட்டர் டீசலும் செலவிடும். ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 2.7 கிலோகிராம் என்னும் கணக்கில், மொத்தம் 101 கிலோகிராம் அளவே கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். இது முன்னதில் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. பேருந்துகளை அமர்த்தாமல், வழக்கமாக ஓடும் பேருந்துகளிலும், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வழியாகச் செல்லும் தொடர்வண்டிகளிலும் மாணவர் வந்தால் இதுவும் குறையும்.

இக்கணக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. போட்டியின் பெருஞ்சுமை பந்தயச் சாலையில் இல்லை. போட்டிக்கு வந்துசேரும் வழியில் இருக்கிறது. அடுத்த இடம், பந்தயத்தைப் பின்தொடரும் ஊர்திகளுக்கு. ஊக்குவிப்போர், ஒளிப்படம் எடுப்போர், வேடிக்கை பார்ப்போர் எனப் பலரும் மோட்டார் ஊர்திகளில் பின்தொடர்கையில், ஆழ்ந்து மூச்சிழுத்து மிதிக்கும் மாணவரே அப்புகையை முதலில் உள்வாங்குகிறார். மூன்றாவதாக வருவன தண்ணீர்ப் போத்தல்களும் உணவுப் பொட்டலங்களும் நெகிழிப் பதாகைகளும்.

உலகப் போட்டிகள் கற்ற பாடம்

தொழில்முறை வீரர்கள் பங்குபெறும் உலகப் போட்டிகளும் இச்சிக்கலை எதிர்கொண்டன. நீரருந்திய குடுவைகளையும் உணவு உறைகளையும் ஓடும் வண்டியிலிருந்து சாலையோரம் வீசுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து, குறிப்பிட்ட கழிவிடங்களில் அன்றி வேறெங்கும் பொருள்களை எறிதல் கூடாது எனப் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் விதி வகுத்தது.

விதி நடைமுறைக்கு வந்த நான்காம் நாளே அதற்கொரு சோதனை நேர்ந்தது. பெல்ஜியம் நாட்டில் நடைபெற்ற பிளாண்டர்சு சுற்றுப் போட்டியில், சுவிட்சர்லாந்து வீரர் மைக்கேல் ஷார், சாலையோரம் நின்ற ஆர்வலரை நோக்கித் தம் வெற்றுக் குடுவையை எறிந்தார். அதற்காக அவர் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். தாம் சிறுவனாகச் சாலையோரம் நின்றபோது ஒரு வீரரிடமிருந்து பெற்ற குடுவையே தம்மை இவ்விளையாட்டின்பால் ஈர்த்தது என்று அவர் பின்னர் எழுதினார். அவர் குப்பை போட எண்ணவில்லை. அன்பளிப்பாகவே கொடுக்க எண்ணினார். முதல் பிழைக்கே போட்டியிலிருந்து நீக்குவது மிகையெனப் பலரும் கருதினர். சில நாள்களுக்குள், முதல் பிழைக்குத் தண்டத்தொகையும் பிழை தொடர்ந்தால் கடுந்தண்டனையும் எனத் தண்டனைகள் படிப்படியானவையாகத் திருத்தப்பட்டன.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? இயற்கையைக் காக்கும் விதி தேவை; அதே வேளையில், அவ்விதி விளையாட்டின் உயிர்ப்பை அழித்துவிடாமலும் இருத்தல் வேண்டும். கழிவிடங்களை வரையறுத்துக் கொடுத்துவிட்டு, அதன்பின்னரே பிழைக்குத் தண்டனை விதிப்பது அறம். குப்பையிட இடமே அமைக்காமல், குப்பையிட்டவரை மட்டும் பழிப்பது அறமாகாது.

மற்றொரு முன்மாதிரி, நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணங்களில் உள்ளது. பிரான்சு நாட்டில் 1891ஆம் ஆண்டு தொடங்கிய பாரிசு – பிரெசுட்டு – பாரிசு பயணத்தின் மரபில், இன்று பல நாடுகளில் 200, 300, 400, 600 கிலோமீட்டர்ப் பயணங்கள் நடைபெறுகின்றன. இந்தியாவிலும் அவை நடக்கின்றன. பயணி தம் தேவைகளைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாட்டு நிலையங்களைத் தவிர வழியில் எந்த ஊர்தியும் பின்தொடர்ந்து உதவக் கூடாது என்பது அவற்றின் விதி. காற்றடிக்கும் கருவி, ஒட்டுப்போடும் பொருள்கள், நீர்க்குடுவை ஆகியவற்றைத் தாமே சுமந்து செல்லும் பயணிக்குப் பின்னால் புகை கக்கும் ஊர்தி வேண்டுவதில்லை.

மகாராஜபுரத்துக்கு உகந்த வழிமுறைகள்

மலையடிவாரத்தில் நடத்தப்பெறும் போட்டிக்கு, முதலில் தடமும் நாளும் கவனத்துடன் தெரிவு செய்யப்பட வேண்டும். காட்டின் வாயிலை நோக்கிச் செல்லும் தடத்தைவிட, ஊர்களை இணைக்கும் வயல்வழிச் சாலையே ஏற்றது. அமாவாசை, முழுநிலவு நாள்களில் சதுரகிரிக்குச் செல்வோர் கூட்டம் மிகும். அந்நாள்களில் போட்டி நடத்தினால் நெரிசலும் குப்பையும் இருமடங்காகும். காட்டுயிர்கள் நடமாடும் விடியற்பொழுதைத் தவிர்த்து, நன்கு வெளிச்சம் வந்தபின் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிப்பது நன்று. ஒலிபெருக்கியைப் போட்டி முடியுமிடத்தில் மட்டும், குறைந்த ஒலியில் பயன்படுத்தலாம். வெடிகள் அறவே வேண்டா.

அடுத்தது பயணம். முதற்சுற்றைப் பள்ளி அளவிலும், அடுத்த சுற்றை வட்டார அளவிலும் நடத்தினால், தொலைவிலிருந்து வருவோர் தொகை குறையும். ஐந்து கிலோமீட்டருக்குள் வசிப்போர் தம் வண்டியிலேயே வந்துவிடலாம். அதுவே உடலைப் பந்தயத்துக்கு ஆயத்தப்படுத்தும் பயிற்சியுமாகும். ஏனையோர்க்குப் பள்ளிகள் இணைந்து பேருந்தும் சரக்குந்தும் அமர்த்தலாம்.

பின்தொடரும் ஊர்திகளில் மருத்துவ ஊர்தியும், சாலைப் பாதுகாப்புக்கான காவல் ஊர்தியும் இன்றியமையாதவை. உயிர்க்காப்பில் சிக்கனம் கூடாது. ஏனைய ஊர்திகளைத் தவிர்த்து, திருப்பங்கள்தோறும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவரையும் சாரணர் இயக்க மாணவரையும் பச்சை, சிவப்புத் துணிக்கொடிகளுடன் நிறுத்தலாம். நெகிழிக் கொடிகள் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை என்பதும் ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

குடிநீரைப் பொறுத்தவரை, ஓர் எளிய கணக்கே சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் விரைவில் செல்லும் மாணவர் 20 கிலோமீட்டரை 48 மணித்துளிகளில் கடந்துவிடுவார். அவ்வளவு நேரத்துக்கு வீட்டிலிருந்து நிரப்பிக் கொணர்ந்த அரை லிட்டர்க் குடுவை ஒன்றே போதும். வழிநெடுகத் தண்ணீர்ப் போத்தல்களை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டிய தேவையே இல்லை. போட்டி முடியுமிடத்தில் மண்பானைகளில் குடிநீரும், எவர்சில்வர்க் குவளைகளில் நீர்மோரும் வைக்கலாம். அவ்வட்டாரத் தோப்புகளின் இளநீர் தளர்ந்த உடலுக்கு உப்பையும் நீரையும் ஒருசேரத் தரும். வாழையிலையில் பரிமாறும் சிற்றுண்டி, தின்றபின் மாட்டுக்கு உணவாகும். மட்கினால் மண்ணுக்கு எருவாகும்.

போட்டியாளர் முதுகில் அணியும் எண்ணட்டைக்கும் வட்டாரத்திலேயே விடை உண்டு. இராசபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அதனை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. பருத்தித் துணியில் எண்களை அச்சிட்டு, போட்டி முடிந்ததும் திரும்பப் பெற்று, துவைத்து வைத்தால் அடுத்த ஆண்டும் பயன்படும். ஆண்டைக் குறிப்பிடாமல் எழுதப்படும் துணிப் பதாகையும் அவ்வாறே பலமுறை பயன்படும். பரிசாக நெகிழிக் கோப்பைகள் வழங்குவதற்கு மாறாக, புதிய உருளிப்பட்டை, காற்றுக்குழாய், தலைக்கவசம், நூல்கள் ஆகியவற்றை வழங்கலாம். கோப்பை அலமாரியில் தூசு படியும். உருளிப்பட்டையோ மாணவரைப் பள்ளிக்குக் கொண்டுசேர்க்கும்.

> தெரிந்து தெளிவோம்
>
> ● செருமானியரான கார்ல் வான் டிரைசு 1817ஆம் ஆண்டு, மிதிகட்டை இல்லாத, காலால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். அதுவே இன்றைய மிதிவண்டியின் முன்னோடி.
>
> ● ஐக்கிய நாடுகள் பொது அவை 2018ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக அறிவித்தது.
>
> ● ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களுக்கான தடை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பெற்றது.

பசுமையின் பெயரால் பாகுபாடு கூடாது

இயற்கை நலம் நாடும் முயற்சியில் ஒரு தவறு நேர்வதுண்டு. மூங்கில் பதக்கம், சிறப்பு ஆடை, விலைமிகுந்த குடுவை என ‘பசுமைப் பொருள்கள்’ பட்டியலிடப்பட்டு, அவற்றின் செலவு நுழைவுக் கட்டணமாக மாணவர் தலையில் ஏற்றப்படலாம். அவ்வாறாயின், வயல்வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளை போட்டிக்கு வெளியே நிற்க நேரும். மிகக் குறைவாக மாசுபடுத்துபவர் வெளியேற்றப்பட்டு, மகிழுந்தின் மேல் பந்தய வண்டியைக் கட்டிக்கொண்டு வருபவர் ‘பசுமை வீரர்’ எனப் போற்றப்படும் முரண் தோன்றும்.

ஆகவே, எந்தவொரு வழிமுறையையும் மூன்று வினாக்களால் சோதித்தல் வேண்டும். இதனால் மாசு உண்மையிலேயே குறைகிறதா? இதனால் போட்டியாளரின் பாதுகாப்புக்கு ஊறு நேருமா? இதனால் எளியவரின் செலவு கூடுமா? முதல் வினாவுக்கு ‘ஆம்’ என்றும், ஏனைய இரண்டுக்கும் ‘இல்லை’ என்றும் விடை கிடைக்கும் வழிமுறையே கைக்கொள்ளத்தக்கது. பேருந்துப் பயணம், வீட்டிலிருந்து கொணரும் நீர், துணியாலான எண்ணட்டை, மண்பானை, பழுதுபார்த்த பழைய வண்டி ஆகிய யாவும் இச்சோதனையில் தேறுகின்றன. இவை செலவைக் கூட்டுபவை அல்ல, குறைப்பவை.

போட்டி முடிந்தபின் செய்யவேண்டிய பணியும் ஒன்று உண்டு. பரிசளிப்புக்கு முன்பே, போட்டியாளரும் ஆசிரியரும் பார்வையாளரும் தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு ஒருமுறை சுற்றிவர வேண்டும். கிடைத்த குப்பையை எடைபோட்டுக் குறித்துவைத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு அவ்வெடை குறைந்திருப்பின், அதுவும் ஒரு வெற்றியே. நேரத்தை நொடிக்கணக்கில் அளக்கும் விளையாட்டு, தான் விட்டுச்செல்லும் சுமையையும் அளக்கக் கற்றுக்கொள்வது பொருத்தமேயன்றோ?

நிறைவாக

மலையடிவாரத்துச் சாலை மாணவருடையது மட்டுமன்று. அவ்வழியே விளைச்சலைக் கொண்டுசெல்லும் உழவருக்கும், மலைநோக்கி நடக்கும் அடியவருக்கும், அருகிலுள்ள காட்டின் கிளைகளில் தாவும் நரை அணிலுக்கும் அதில் பங்குண்டு. பந்தயம் ஒருநாள் நிகழ்வு; சாலையும் ஓடையும் காடும் என்றும் இருக்க வேண்டியவை. வெற்றிபெற்றவரின் பெயர் பரிசுப் பலகையில் நிலைக்கட்டும். அவர் கடந்துசென்ற வழியிலோ, சக்கரத்தின் மெல்லிய கோட்டைத் தவிர வேறெந்தச் சுவடும் எஞ்சாதிருக்கட்டும். அத்தகைய போட்டியில் கடைசியாக வந்தவரும் இயற்கையின் முன்னால் தோற்றவராகார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பு மாணவர்கள் பள்ளிக்கு வரும் தொலைவையும் ஊர்தி வகையையும் பட்டியலிட்டு, ஒரு வாரத்தில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடின் அளவைக் கணக்கிடுக.
2. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் சேரும் குப்பையை வகைப்படுத்தி எடையிட்டு, அதனைக் குறைக்கும் வழிகளை அறிக்கையாக எழுதுக.
3. உங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரை நேர்கண்டு, மிதிவண்டிப் பராமரிப்பு குறித்த துண்டறிக்கை ஒன்றை உருவாக்குக.

மதிப்பீடு

குறுவினா

1. நரை அணில் எவ்வாறு இரைதேடும்?
2. எஃகுச் சட்டம், கரிம இழைச் சட்டம் ஆகியவற்றுக்கிடையேயான வேறுபாட்டைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. மலையடிவாரத்தில் எறியப்படும் நெகிழி நெடுந்தொலைவு பயணம் செய்வதை விளக்குக.
2. மைக்கேல் ஷார் நிகழ்ச்சி உணர்த்தும் கருத்து யாது?

நெடுவினா

1. ‘பசுமையின் பெயரால் பாகுபாடு கூடாது’ – மிதிவண்டிப் போட்டியை முன்வைத்து இக்கருத்தை நிறுவுக.